உப்பை மிதிச்சது என் அக்கா மகள்தான்

ஞாயித்துக்கிழமை நீங்க நடத்தின நிகழ்த்துகலையில ஒருத்தி உப்பை மிதிச்சுக் கெடுத்துட்டான்னு ஆளாளுக்குப் பதிவு போட்டாச்சு. நீங்க எழுதற அந்தப் "பக்குவமில்லாத பார்வையாளர்" என் அக்கா மகள். நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. தரையில கல்லுப்பை வட்டமாக் கொட்டி, நடுவுல ஒருத்தர் 40 நிமிஷமா அசையாம நிக்கறார். இவளுக்குக் கால் மரத்துப்போச்சு. பாத்ரூம் போக எழுந்தா. இருட்டுல உப்பு நறநறன்னுச்சு. உடனே நாலு பக்கமும் உச்சுக்கொட்டல். முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சுப் பக்குவத்தைப் பத்தி ஒரு பாடம் வேற. அவ நிமிரவே இல்லை.

புதுசா வர்றவங்களுக்கு அர்த்தம் சொல்ல வேணாங்க. எங்க உக்காரணும், எழுந்து போகலாமா, தொடலாமா, இதைச் சொல்லுங்க. நீங்க குடுத்த தாள்ல உடல், வெளி, அரசியல் எல்லாம் இருந்துச்சு. பாத்ரூம் எந்தப் பக்கம்னு இல்லை.

"முன்கூட்டியே சொல்லிட்டா கலை செத்துடும்." அப்படியா? வாய்க்கு வாய் நிகழ்த்துகலைக்காரம்மா மரீனா அப்ரமோவிச்ங்கறீங்களே, 1974ல இத்தாலியில நேப்பிள்ஸ்ல அந்தம்மா 72 பொருளை மேஜையில பரப்பி 6 மணி நேரம் நின்னப்ப, இதையெல்லாம் என் மேல இஷ்டம்போல பயன்படுத்தலாம்னு எழுதித்தானே வெச்சாங்க?

எங்க ஊர் திரௌபதியம்மன் கோயில் படுகளத்துக்கு, அதான் கூத்துல துரியோதனன் சாகற நாளுக்கு, ஏழு வயசுல ஆயா கூட்டிட்டுப் போச்சு. மண்ணுல செஞ்சு மல்லாந்து கிடக்கற துரியோதனன் அவ்ளோ பெருசு. ஆயா பாரதமெல்லாம் சொல்லலை. "பீமன் அடிக்கறப்ப ஓரமா நில்லு. முடிஞ்சதும் ஒரு பிடி மண்ணு எடுத்துக்க." அவ்வளவுதான். தொடை உடைஞ்சு சிவப்புத் தண்ணி என் பாவாடையில தெறிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. கதை புரிஞ்சது பல வருஷம் கழிச்சு.

"கூத்தும் இதுவும் ஒண்ணா?" ஒண்ணில்லைதான், விடுங்க. "சிலர் போனை நோண்டறாங்க, சிரிக்கறாங்க." வாஸ்தவம், எனக்கும் எரிச்சல்தான். ஆனா இவ சிரிக்கலையே.

நடனக் கலைஞர் சந்திரலேகாவோட 'சரீரா' நடனத்தை முதல்ல பார்த்தப்ப நான் பாதியில தூங்கிட்டேன். பக்கத்துல இருந்தவர் உச்சுக்கொட்டலை. அதனாலதான் இன்னிக்கும் வந்துகிட்டிருக்கேன், உங்களுக்குப் பாய் சுமந்து, டீ வாங்கிக் குடுத்து, ஆள் சேர்த்து.

நேத்து அக்கா மகள் என்கிட்ட கேட்டா: "சித்தி, நான் வந்திருக்கவே கூடாதோ?"

அன்னிக்கு நீங்க விரிச்ச ஜமுக்காளம் நாலும் எங்க வீட்டுது. உப்பை உதறி மடிச்சு வைங்க. சனிக்கிழமை ஆட்டோவோட வரேன்.