தோல் கழலை நோய்: பால், தடுப்பூசி பற்றி ஒரு திருத்தம்

அண்ணா, "மாட்டுக்கு வர்ற தோல் கழலை அம்மை வைரஸ்தான், எதிர்ப்புச் சக்தியையே ஏமாத்தும், தடுப்பூசி வீண், பால் குடிச்சா நமக்கும் தொத்தும்"னு போட்டிருக்கீங்க. முதல் பாதி சரிங்க. மீதி தப்பு.

ஏமாத்துறது நிசம். வைரஸ் நுழைஞ்சதும் இன்டர்ஃபெரான், டிஎன்எஃப் மாதிரி புரதங்கள் பக்கத்துச் செல்களை உசுப்பும். அதுகளைப் பிடிக்கச் செல் மேல இருக்கிற கொக்கி (ஏற்பி) மாதிரியே அம்மை வைரஸ் போலி செஞ்சு வெளியே விடும். தகவல் போலியில ஒட்டிக்கும், சேர வேண்டிய இடம் சேராது. வாய்க்கால் தண்ணியை நடுவுல மடை மாத்தி விட்ட கதைதான். பெரியம்மை வைரஸுக்கு கிருமியை அழிக்க ரத்தத்துல இருக்கிற காம்ப்ளிமென்ட்ங்கிற புரதங்களை முடக்கவும் தனிச் சரக்கு இருந்துச்சு.

ஆனா தடுப்பூசியால வைரஸை மடக்குற ஆன்டிபாடியும், வைரஸ் புகுந்த செல்லை அழிக்கிற டி செல்லும் முன்கூட்டியே தயாரா இருந்தா இந்த வித்தை எடுபடறது கஷ்டம். அத்தனை கெட்டிக்காரப் பெரியம்மையை ஒழிச்சது தடுப்பூசிதானுங்க. ஒழிஞ்சுதுன்னு 1980ல உலக சுகாதார நிறுவனமே அறிவிச்சுது.

வித்தையும் எல்லா உயிர்கிட்டயும் பலிக்காது. முயலைக் கொல்ற மிக்சோமா வைரஸ் மனுசனை ஒண்ணும் பண்றதில்லை. தோல் கழலையும் அப்படித்தான், நமக்கு வராது. பாலைக் காய்ச்சிக் குடிக்கிறது வேற கிருமிகளுக்காக.

கண்ணபுரம் சந்தைக்குக் காங்கேயம் மாடு ஓட்டறவங்க சில வாரம் முன்னாடியே வெள்ளாட்டம்மைத் தடுப்பூசி போட்டுடுங்க. தோல் கழலைக்கும் அதுதான் போடறாங்க.