எட்டை எங்க வைக்கப் போறீங்க?

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டரா டைஸ் உருட்டி கதை ஆடற டேபிள் கேம்) ஆட புதுசா யாரு வந்தாலும் மொத கேள்வி "எந்த க்ளாஸ் எடுத்தா ஸ்ட்ராங்கா இருக்கும்?"தான். கூடவே ஏதோ ஒரு பில்ட் வீடியோ பாத்துட்டு வந்திருப்பாங்க, 15-ஐ எங்க வைக்கணும் 14-ஐ எங்க வைக்கணும்னு எல்லாம் தலைகீழ் பாடம். நான் கேக்கறது ஒண்ணுதான், சரிப்பா, 8-ஐ எங்க வைக்கப் போற? ஒரு மாதிரி பாப்பாங்க. "அது ஏதாச்சும் தேவையில்லாத எடத்துல போட்டுக்கலாம்ணே." இந்த தேவையில்லாத எடம்ங்கறதுலதான் எனக்கு சண்டையே.

ஆடாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். க்ளாஸ்னா கேரக்டரோட தொழில், ஃபைட்டர்னா சண்டைக்காரன், விஸார்ட்னா மந்திரவாதி, ரோக்னா திருடன், க்ளெரிக்னா பூசாரி. ஒரு கேரக்டருக்கு ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடம்பு தாங்கறது), இன்டெலிஜென்ஸ் (படிப்பறிவு), விஸ்டம் (பட்டறிவு), கரிஸ்மான்னு (வசீகரம்) ஆறு ஸ்டாட் இருக்கு. டைஸ் உருட்ட வேணாம்னா 15, 14, 13, 12, 10, 8-ன்னு ரெடிமேடா ஆறு நம்பர் குடுத்துருவாங்க, எதை எங்க வைக்கறதுங்கறது நம்ம இஷ்டம். 10-னா சாதாரண மனுஷன், கூட்டலும் இல்ல கழித்தலும் இல்ல. 8-னா அந்த விஷயத்துக்காக 20 பக்க டைஸை உருட்டறப்பல்லாம் வந்ததுல ஒண்ணு கழிக்கணும். அவ்ளோதான். இருபதுல ஒரு பக்கம், 5 சதவீதம். இந்த அஞ்சு சதவீதத்துக்குப் பயந்துதான் ஃபைட்டர் எடுக்கறவன் எல்லாம் 8-ஐ இன்டெலிஜென்ஸ்ல பொதைக்கறான், விஸார்ட் எடுக்கறவன் எல்லாம் ஸ்ட்ரெங்த்ல பொதைக்கறான், அப்பறம் அந்த கேம்பெயின் (தொடர்ந்து ஆடற ஒரே கதை) முடியற வரைக்கும் அந்த நம்பரை ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஷீட்ல இருக்கறதுலயே கதை தரக்கூடிய ஒரே நம்பர், அதுக்குப் போய் சமாதி கட்டிடறாங்க.

என் ரோக்குக்கு விஸ்டம்ல 8 வச்சேன். எந்தப் பூட்டா இருந்தாலும் தொறப்பா, சுவரு ஏறுவா, ஆனா எதிர்ல நிக்கறவன் புளுகறான்னு மட்டும் தெரியாது, ஏன்னா ஆள் பாத்து எடை போடற இன்சைட் ஸ்கில் விஸ்டம் கணக்குலதான் வரும். ஊரையே ஏமாத்தற திருடி, யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவா. ஒரு பெரியவர் ஒரு பெட்டியக் குடுத்து, "தொறக்காம கொண்டு போய் சேத்துடும்மா, உள்ள எங்கம்மா அஸ்தி"ன்னாரு. டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) இன்சைட் போடச் சொன்னாரு. டைஸ்ல 12, ஒண்ணு கழிச்சா 11. வேண்டியது 12-ன்னு ஆட்டம் முடிஞ்சப்பறம்தான் டிஎம் சொன்னாரு. "அவரு கண்ணு கலங்கியிருக்கு"ங்கற வரைக்கும்தான் அப்ப எனக்குக் கெடச்சுது. டேபிள்ல இருந்த எல்லாருக்கும் அது புளுகுன்னு தெரியும், விஸார்ட் ஆடற பையன் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கறான், என் ரோக் மட்டும் மழை வந்தா தன் போர்வைய எடுத்து பெட்டிக்குப் போத்திட்டு தான் நனைஞ்சுட்டே நடக்கறா. உள்ளருந்து டொக் டொக்னு சத்தம் வந்தப்பகூட "எலும்பு உருளுது போல"ன்னு சொன்னேன் (உள்ள இருந்தது என்னன்னு சொல்ல மாட்டேன், எங்க டிஎம் அதே பெட்டிய வேற டேபிள்லயும் ஓட்டிக்கிட்டு இருக்காரு). இதுக்கெல்லாம் மூலதனம் அந்த ஒரு மைனஸ் ஒண்ணு.

இன்னொண்ணு க்ளெரிக். இது ஐந்தாம் எடிஷன் ஆடற எல்லாருக்கும் தெரிஞ்ச தமாஷுதான், சாமி கும்பிடறதே தொழிலா வச்சிருக்கற க்ளெரிக்குக்கு மெயின் ஸ்டாட் விஸ்டம், ஆனா ரெலிஜன் ஸ்கில் வர்றது இன்டெலிஜென்ஸ்ல. அதனால சடங்கு சம்பிரதாயம் பத்திக் கேட்டா விஸார்ட் டக்குனு சொல்லிடுவான், பூசாரி முழிப்பாரு. நெறைய பேரு இதை ரூல்ஸ்ல இருக்கற ஓட்டைன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. நம்ம கண்ணப்ப நாயனாரு கேரக்டர் ஷீட்ல ரெலிஜன் எவ்ளோ இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? ஆகமம் தெரிஞ்ச சிவகோசரியார் பூ வச்சு பூஜை பண்ணிட்டுப் போனா இவரு வாயில தண்ணி கொண்டாந்து துப்பி பன்னிக்கறி படைக்கறாரு, சாமி யாரு பக்கம் நின்னுச்சு? இன்டெலிஜென்ஸ் 8 வச்ச க்ளெரிக்கை இப்படி ஆடிப் பாருங்க. 2024-ல வந்த புது ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல (ரூல்ஸ் புக்) தௌமடர்ஜ்னு ஒரு ஆப்ஷன் குடுத்து க்ளெரிக் விஸ்டமை ரெலிஜன்லயும் கூட்டிக்கலாம்னு ஆக்கிட்டாங்க. கணக்குப்படி நியாயம்தான், ஆனா நான் எடுக்க மாட்டேன்.

அதுக்காக 8 வச்சிட்டு லூசு மாதிரி ஆடறதும் எனக்கு ஆகாது. இன்டெலிஜென்ஸ் 8-னதும் கொழந்தை மாதிரி பேசிக்கிட்டு பாக்கறதையெல்லாம் தொட்டு வெடிக்க வைக்கறவங்க இருக்காங்க, அரை மணி நேரம் சிரிப்பு, அப்பறம் தலைவலி. 8-ங்கறது சாதாரணத்துக்குக் கொஞ்சம் கீழ, அவ்ளோதான். பேரு மறந்து போற ஆளு, வழி சொன்னா பாதியிலயே விட்டுடற ஆளு. நம்ம எல்லாருக்கும் சொந்தத்துல ஒருத்தர் இருப்பாரு.

வைக்கக் கூடாத எடமும் இருக்கு. விஸார்டுக்கு கான்ஸ்டிட்யூஷன்ல 8 வச்சா மொத லெவல்ல 6-க்கு பதிலா 5 ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு). ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்) அம்பு பட்டா ஒரு ஆறு பக்க டைஸ் உருட்டி ரெண்டு கூட்டணும், அதாவது 3 வந்தாலே ஆளு கீழ. பட்ட மூணு அம்புல ரெண்டுக்கு சாய்ஞ்சுடுவான். இது தெரிஞ்சே வச்சா வைங்க, நோயாளி விஸார்ட் நல்ல கேரக்டர்தான், ஆனா பக்கத்துல காயம் ஆத்த ஒரு க்ளெரிக் உக்காந்திருக்கானான்னு பாத்துட்டு வைங்க. அதே மாதிரி க்ளாஸோட மெயின் ஸ்டாட்லயும் வேணாம், அது மத்தவங்க தலையில நம்ம சுமைய ஏத்தற வேலை.

"பழைய காலத்துல இதெல்லாம் யோசிச்சாங்களா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. அவங்களுக்கு யோசிக்கற சான்ஸே இல்ல! 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் சேந்து கொண்டுவந்த மொத டிஎன்டில மூணு டைஸை உருட்டி வந்ததை வந்த வரிசையிலயே எழுதிக்கணும், அப்பறம்தான் ஃபைட்டிங் மேனா மேஜிக் யூசரா க்ளெரிக்கான்னே முடிவு பண்ணுவீங்க. யாரு வந்திருக்கான்னு டைஸ் சொல்லும், நாம அந்த ஆளோட குடித்தனம் பண்ணணும். 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்ல (டிஎம்முக்கான ரூல்ஸ் புக்) நாலு டைஸ் உருட்டி சின்னதைத் தள்ளிட்டு இஷ்டப்பட்ட எடத்துல வைக்கலாம்னு ஒரு முறை வந்துச்சு, பொதைக்கற வேலைக்கு வழி அப்பவே தொறந்தாச்சு. (1977-ல வந்த ட்ராவலர்ங்கற இன்னொரு கேம்ல கேரக்டர் பண்ணும்போதே கேரக்டர் செத்துப் போகலாம், அது வேற ரகம் 😄)

இப்ப பத்துப் பக்க பேக்ஸ்டோரியோட வர்றவங்களுக்கும் இதையேதான் சொல்லுவேன். ஊரே எரிஞ்சுபோன அனாதை, டிராகனைக் குத்தினவன், ராஜ வம்சம்... ஆனா மொத லெவல், 7 ஹிட் பாயிண்ட் இருக்கற கோப்ளின்கிட்ட அடிவாங்கப் போறாரு. அந்தப் பத்துப் பக்கத்தை டிஎம் படிக்க மாட்டாரு, பாவம் அவருக்கும் வேலை வெட்டி இருக்கு. "யாரு அழுதாலும் நம்பிடுவா"ன்னு ஒரு வரி குடுங்க, அதை வச்சு அவரு ஒரு வருஷம் ஓட்டுவாரு.

அடுத்து எங்க டேபிள்ல புது கேம்பெயின் ஆரம்பிக்கறாங்க. பாலடின் எடுக்கறேன், சத்தியம் காப்பாத்தற வீரன், 8 டெக்ஸ்டெரிட்டில. இரும்புக் கவசம் போட்டா ஆர்மர் கணக்குல (அடி நம்ம மேல படுமா படாதாங்கறதுல) டெக்ஸ்டெரிட்டியே வராது, அதனால எல்லாரும் பொதைக்கற எடம்தானேன்னு கேப்பீங்க. கவசத்தைக் கழட்டிட்டு தூங்கற ராத்திரி ஒண்ணு வரும்ல, அதுக்குத்தான் வெயிட்டிங். டிஎம்கிட்ட இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.