புது லேப்டாப்பும் கேபிள் தலைவலியும்

புது லேப்டாப் வாங்கியதோடு செலவு முடிவதே இல்லை. மெல்லிசாக இருக்க வேண்டுமாம். அதற்காக இருந்த போர்ட்டையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டே இரண்டு யூஎஸ்பி-சி. பென் டிரைவுக்கு ஒரு ஹப், புரொஜெக்டருக்கு ஒரு அடப்டர், எல்லாவற்றுக்கும் தனிக் காசு.

சரி, அதைக்கூடப் பொறுக்கலாம். இந்தக் கேபிளைத்தான் பொறுக்க முடியவில்லை. முனை எல்லாம் ஒரே மாதிரி, உள்ளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்று 60 வாட்டுக்கு மேல் தாங்காது. இன்னொன்று நன்றாகச் சார்ஜ் ஏற்றும், ஆனால் ஃபைல் அனுப்பினால் பழைய யூஎஸ்பி 2.0 வேகம்தான், நொடிக்கு 480 மெகாபிட். அதையே மொனிட்டரில் செருகினால் படம் வராது. கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில், "அண்ணா, இது எத்தனை வாட்?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் வேலை செய்யும் தம்பி" என்று பொலித்தீன் பையை நீட்டினார். பையிலும் கேபிளிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

அப்புறம் பிளக். சார்ஜரில் இருப்பது 13 ஆம்பியர் சதுர முள். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டுச் சுவரில் இன்னும் வட்டத் துளை. இடையில் மாட்டிய அடப்டர் தளர்ந்து ஆடுகிறது, சார்ஜ் வந்து வந்து போகிறது.

வாட்டையும் வேகத்தையும் கேபிளிலேயே அச்சடித்து விற்றால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?