தயவுசெய்து அவனுக்குக் காளான் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரே ஒரு தடவை போதைக் காளான் சாப்பிட்டால் எப்பேர்ப்பட்ட போதைப் பழக்கமும் விட்டுப்போகுமாம். கீழே சித்தி கேட்டிருந்தார்: "கொடைக்கானல்ல கிடைக்கும்னு சொல்றாங்களே, தம்பியைக் கூட்டிட்டுப் போகலாமா?"

தம்பி என்றது அவர் மகனை. 2 வருடமாக ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமைன் என்கிற போதைப்பொருள், எடுக்கிறான்.

சித்தி மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறேன். விடியற்காலை 3 மணிக்கு அடுப்படியில் லைட் எரிந்தது. மிக்ஸியை அக்கு அக்காகக் கழற்றி, திருகாணிகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தபடி, "இதோ முடிஞ்சிரும்க்கா, நீ போய்ப் படு" என்றான். கதவுக்கு வெளியே யாரோ நிற்பதாக நடுவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தான். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற தாய் எதைத்தான் நம்ப மாட்டாள்?

ஹெராயின் பழக்கத்தை விட, நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரினார்ஃபின் மாத்திரை இருக்கிறது. ஐஸுக்கும் கொக்கைனுக்கும் அப்படி ஒரு மருந்து இல்லை. இத்தனை ஆராய்ச்சி நடக்கிற அமெரிக்காவிலேயே இதற்கென்று அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூடக் கிடையாது. ஐஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. பலன் கிடைத்தது 100 பேரில் சுமார் 14 பேருக்குத்தான்.

அதனால் மனதைக் கலைத்துப்போடுகிற இந்த வகை மருந்துகளை ஆராய்வதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். சிட்னி செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் ஐஸ் பழக்கம் உள்ளவர்களுக்கே காளானில் இருக்கிற சைலோசைபினைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத, சின்ன ஆரம்ப முயற்சி. அதைவிட என்னை யோசிக்க வைத்தது 2019இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலியாஸ் டக்வார் குழு செய்தது. கொக்கைன் பழக்கம் உள்ள 55 பேர். பாதிப் பேருக்குக் கீட்டமைன் என்கிற மயக்க மருந்து, மற்றவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மிடசோலம் என்கிற தூக்க மருந்து, ஒரே ஒரு முறை, நரம்பு வழியாக 40 நிமிடம். ஆய்வின் கடைசி 2 வாரம் கொக்கைனைத் தொடாமல் இருந்தவர்கள் கீட்டமைன் தரப்பில் 48.2 சதவீதம், மற்றதில் 10.7 சதவீதம்.

வீடியோக்காரர்கள் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். அந்த 55 பேரும் 5 நாள் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். 5 வாரம், ஆசை தலைதூக்கும்போது அதைக் கவனித்துக் கடந்துபோகும் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சி மட்டும் போதவில்லை என்பதை 10.7 சொல்கிறது. அதே சமயம் பயிற்சி இல்லாமல் ஊசியை மட்டும் யாரும் போட்டுவிடவும் இல்லை. சைலோசைபினும் அப்படித்தான். முதலில் பல மணி நேரப் பேச்சு, மருந்து கொடுக்கும் நாளில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே ஆள், பிறகு கண்டதையெல்லாம் உட்கார்ந்து பேச மறுபடியும் ஆள். எனக்குப் புரிந்தவரை, அந்த மருந்து பூட்டைத் திறக்கிறது, அவ்வளவுதான். உள்ளே கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும்.

கொடைக்கானலில் சித்திக்குக் கிடைக்கப்போவது ஒரு பொட்டலம். அதில் எவ்வளவு வீரியம், அது எந்தக் காளான் என்று விற்கிறவனுக்கே தெரியாது. சட்டப்படி குற்றம் வேறு. இதையெல்லாம் விட எனக்குப் பெரிய பயம் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிற ஆள்தான். மனச்சிதைவு நோய் இருப்பவர்களை இந்த ஆய்வுகளில் சேர்ப்பதே இல்லை. இல்லாத ஆளைப் பார்க்கிற பிள்ளைக்குக் காளானைக் கொடுத்து மலை உச்சியில் உட்காரவைப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கீட்டமைன் ஒன்றும் வெளிநாட்டு அதிசயம் இல்லை. நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் வருடக்கணக்காக இருக்கிற மயக்க மருந்து. அதுவும் பழக்கமாகிவிடக்கூடிய மருந்துதான். அதனால்தான் நம் மருத்துவர்களே இங்குள்ள பிள்ளைகளை வைத்து, கண்காணிப்போடு, முறையாகச் செய்து பார்க்கவேண்டும் என்று கேட்கிறேன். அரசு இதற்குப் பணம் ஒதுக்கவேண்டும்.

இன்று காலை சித்திக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்போ யாருடி அவன்கூட உட்கார்றது?" என்று கேட்டார். புதன்கிழமை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம். நான் லீவு சொல்லிவிட்டேன்.