படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தால்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2013 வாக்கில் இதே முகநூலில் ஒரு படம் பகிர்ந்தேன். இரண்டு கையும் இல்லாத ஒரு சிறுமி வாயில் பென்சிலைக் கவ்விப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். அதற்கு மேல் நான் எழுதியது: "இனிமேலும் உனக்கு என்ன சாக்கு?" லைக் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளையின் பேர் எனக்குத் தெரியாது, ஊர் தெரியாது. என் பெரியம்மா மகள், சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் செயலிழந்தவர், அந்தப் படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: "பிள்ள என்ன வரஞ்சிருக்குன்னு யாருமே பாக்கலையே."

அக்கா எப்போதும் போல நக்கலடிக்கிறார் என்று நினைத்து ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். ஸ்டெல்லா யங் பேசியதைக் கேட்ட பிறகுதான் அந்த வரி எனக்கு உறைத்தது.

ஸ்டெல்லா யங்கை இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. ஆஸ்திரேலியாவில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்தவர், டிவி தொகுப்பாளர், அந்நாட்டுப் பொது ஒளிபரப்பான ஏபிசி நிறுவனத்தில் பத்திரிகையாளர். 1982இல் பிறந்தார். 2014 டிசம்பர் 6ஆம் தேதி, 32 வயதில், திடீரென்று இறந்துபோனார். எலும்புகள் எளிதில் முறியும் பிறவிக் குறைபாடு அவருக்கு. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். இந்த விவரத்தை முதல் வரியில் போடாமல் இங்கே வைத்ததற்கே நான் மூன்று முறை அழித்து எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் "எலும்பெல்லாம் நொறுங்கினாலும் மனம் நொறுங்காத..." என்று கை தானாகப் போகிறது. நம் விரல் அப்படிப் பழகியிருக்கிறது.

நான் மெல்போர்னில் இருக்கிறேன். போன ஈஸ்டர் விடுமுறையில் கிராம்பியன்ஸ் மலைக்குப் போகும் வழியில் ஸ்டாவெல் என்ற ஊரில் வண்டியை நிறுத்தினோம். அதுதான் ஸ்டெல்லாவின் சொந்த ஊர். மெல்போர்னிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். ஒருகாலத்தில் தங்கம் தோண்டிய ஊர். இன்று அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தருவது ஓட்டப்பந்தயம். 1878இல் தொடங்கி, நடுவில் சில வருடங்கள் தவிர, ஈஸ்டர்தோறும் புல்தரையில் ஓட்டம் நடக்கிறது, இப்போது 120 மீட்டர். நாடே திரும்பிப் பார்க்கும். காலால் பேர் வாங்கிய ஊரில் பிறந்த பெண் இவர் என்று நான் ஒரு வாக்கியம் எழுதி, அதையும் அடித்துவிட்டேன். இதோ மறுபடி எழுதிவிட்டேன், பாருங்கள்.

அந்த ஊரில் அவருடைய அப்பா கசாப்புக்கடைக்காரர், அம்மா முடிதிருத்துபவர். ஸ்டெல்லா 14 வயதில் ஊரின் கடைத்தெருவில் இருந்த கடைகளையெல்லாம் கணக்கெடுத்தார்: எதற்குள் சக்கர நாற்காலி நுழையும், எதற்குள் நுழையாது என்று. எனக்கு இந்த ஒரு செய்தி போதும். அந்த வயதில் அவர் "எனக்கு என்ன குறை" என்று பட்டியல் போடவில்லை. உங்கள் கடைக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டார். பின்னால் அவர் பேசியது, எழுதியது, மேடையில் சிரிக்க வைத்தது எல்லாமே அந்தப் பட்டியலின் தொடர்ச்சிதான்.

அடுத்த வருடம், 15 வயதில், ஊர்க்காரர் ஒருவர் பெற்றோரிடம் வந்து ஸ்டெல்லாவைச் சமூக சாதனை விருது ஒன்றுக்குப் பரிந்துரை செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் சொன்ன பதில்: நல்ல மனசு உங்களுக்கு, ஆனால் ஒரே ஒரு சிக்கல், அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே! பள்ளிக்கூடம் போனாள், நல்ல மார்க் வாங்கினாள், டிவி பார்த்தாள். இதில் சாதனை எங்கே இருக்கிறது?

இந்தக் கதையை அவர் 2014 ஏப்ரலில் சிட்னி ஓப்பரா ஹவுஸில், டெட்எக்ஸ் என்ற சொற்பொழிவு மேடையில் சொன்னார். ஒன்பது நிமிடப் பேச்சு. யூடியூபில் தேடினால் கிடைக்கும்.

அதில் இன்னொரு கதை வரும். மெல்போர்னில் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. பதினோராம் வகுப்பு, சட்டப் பாடம். இருபது நிமிடம் வகுப்பு ஓடியிருக்கும். ஒரு பையன் கை தூக்குகிறான். "மிஸ், உங்க ஸ்பீச் எப்ப?" என்ன ஸ்பீச் என்று இவருக்குப் புரியவில்லை, இருபது நிமிடமாக அவதூறுச் சட்டத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார். பையன் விளக்குகிறான்: சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் பள்ளிக்கு வந்தால் தன்னம்பிக்கைப் பேச்சு பேசுவார்களே, வழக்கமாகப் பெரிய ஹாலில் நடக்குமே.

இந்த ஜோக்கின் அடுக்கைக் கவனியுங்கள். "பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் பாதிச் சிரிப்புதான் வந்திருக்கும். 'அவதூறுச் சட்டம்' என்ற வறண்ட விவரம்தான் வேலை செய்கிறது. அந்தப் பையனும் கெட்டவனில்லை. அவன் வாழ்க்கையில் சக்கர நாற்காலிக்காரர் என்றால் ஊக்கம் தர வந்தவர், அவ்வளவுதான். ஆசிரியர், வங்கி மேனேஜர், எரிச்சலாகப் பேசும் பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரையும் அவன் பார்த்ததில்லை. அரங்கம் அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, நடுவில் தன்னைப் பார்த்தே சிரித்து முடிக்கிறது. நல்ல காமெடிக்காரர்களுக்கு மட்டும் கைவருகிற வித்தை இது.

அந்தப் பேச்சில்தான் நான் பகிர்ந்த மாதிரிப் படத்தைத் திரையில் காட்டினார். வாயில் பென்சிலோடு சிறுமி. கார்பன் ஃபைபர் செயற்கைக் காலோடு ஓடும் குழந்தை. இந்த மாதிரிப் படங்களுக்கு 2012லேயே அவர் வைத்த பேர் 'இன்ஸ்பிரேஷன் பார்ன்'. தமிழில் உத்வேக ஆபாசம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன் என்றார். ஒரு கூட்டத்து மனிதர்களைப் பண்டமாக்கி இன்னொரு கூட்டம் பலனடைகிறது. "என் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை" என்று நாம் பெருமூச்சு விடுவதற்காகத்தான் அந்தப் படம் சுற்றுகிறது. அவர் கேட்டது இதைத்தான்: அந்த 'அவளைவிடப் பரவாயில்லை'யில் வரும் 'அவள்' நானாக இருந்தால்?

சாக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழில் நமக்கு 'நொண்டிச்சாக்கு' என்றே ஒரு சொல் இருக்கிறது. தினமும் பத்து முறை சொல்கிறோம். வேறு யாரையோ திட்ட அக்காவின் காலை இழுக்கிறோம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

சொல் விஷயத்தில் ஸ்டெல்லா நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறு. நாம் 'ஊனமுற்றோர்' என்பதிலிருந்து 'மாற்றுத்திறனாளி'க்கு வந்தோம்; நல்ல எண்ணத்தில் வந்த சொல், குறை சொல்லவில்லை. அவரோ 'டிஸேபிள்டு' என்ற சொல்லைத்தான் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டார். காரணம், அதை அவர் வினைச்சொல்லாகப் படித்தார். என் உடம்பு என்னை முடக்குவதைவிட, நீங்கள் கட்டிவைத்த உலகம்தான் என்னை அதிகம் முடக்குகிறது என்பது அவர் வாதம். முடக்கப்பட்டவர் என்றால், முடக்கியது யார் என்ற கேள்வி உடனே பின்னால் வரும். 'மாற்றுத்திறனாளி'யில் அந்தக் கேள்வி வராது. 2014 மெல்போர்ன் சர்வதேச நகைச்சுவை விழாவில் அவர் நடத்திய தனி நிகழ்ச்சிக்கு 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்' என்று பேர். கிரிப் என்றால் நம் ஊர் வசவில் 'நொண்டி' என்பதற்குச் சமம். அடுத்தவர் கையிலிருந்த கல்லைப் பிடுங்கித் தன் வீட்டு வாசற்படியாக்கிக்கொண்டார். (வாசற்படியா! சாய்தளமாக்கிக்கொண்டார்.) அந்த விழாவில் சிறந்த அறிமுகக் கலைஞருக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. இந்த விருதுக்கு அவர் அப்பா அம்மா ஆட்சேபம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அறிமுகம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் ஆள் புதுசு இல்லை. புதியவர்களுக்கான 'ரா காமெடி' போட்டியில் முன்பே இரண்டு முறை மாநில இறுதிச்சுற்று வரை போனவர். கம்யூனிட்டி டிவியில் 'நோ லிமிட்ஸ்' நிகழ்ச்சியை எட்டு சீசன் தொகுத்து வழங்கினார். 2011இலிருந்து ஏபிசியின் 'ரேம்ப் அப்' தளத்துக்கு ஆசிரியர். முடக்கப்பட்டவர்களே தங்களைப் பற்றி எழுதும் இடம் அது. 2014இல் நிதி நின்றுபோய் அதை மூடினார்கள். சிட்னி பேச்சுக்கு உலகமே கைதட்டிய அதே வருடம்! கைதட்ட எல்லாரிடமும் கை இருக்கிறது. நிதி என்றால் அந்தக் கையே பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது.

அந்தப் பேச்சின் நடுவே ஒரு வரி வரும். வாழ்க்கையில் உண்மையான ஊனம் கெட்ட மனப்பான்மை ஒன்றுதான் என்கிற பிரபல பொன்மொழியை எடுத்து, அது ஏன் சுத்தப் பொய் என்று காட்டுவார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறியதில்லை என்பார். புத்தகக் கடை நடுவில் நின்று எவ்வளவு தன்னம்பிக்கையைப் பரப்பினாலும் புத்தகங்கள் பிரெய்லாக மாறாது.

இதைக் கேட்டபோது எனக்கு ஊரில் ஒரு கல்யாண மண்டபம் கண்ணில் வந்தது. ரோட்டிலிருந்து பதினோரு படி. பளபளவென்று கிரானைட். அக்காவை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கினோம்; ஒரு ஆள் கை வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா பட்டுச்சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "இந்த நெலமையிலயும் நாலு விசேசத்துக்கு வந்து போவுதே, இதாம்மா தன்னம்பிக்கை." அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டே என்னிடம் கேட்டார்: "மண்டபத்துக்கு வாடக எவ்வளவாம்?"

நான் ஸ்டெல்லாவோடு முழுக்க ஒத்துப்போகிறேனா என்றால், ஒரு இடத்தில் இடிக்கிறது. நாங்கள் தாண்டி வருவது எங்கள் உடம்பை அல்ல என்று அந்தப் பேச்சில் அழுத்திச் சொல்வார். மழைக்காலத்தில் அக்காவுக்கு இடுப்பிலிருந்து முதுகு வரை வலி பிடுங்கும். எந்தச் சாய்தளமும் அதைத் தீர்க்காது. எலும்பு முறிந்தே வளர்ந்தவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது நிமிடத்தில் ஒரு பக்கத்தைத்தான் ஓங்கி அடிக்க முடியும். ஊர் முழுக்க மறுபக்கத்திலேயே நிற்கும்போது அவர் அடித்த பக்கம் சரியானதுதான். இருந்தாலும் அக்காவின் முதுகுவலியை இந்தப் பதிவில் விட்டுவிட எனக்கு மனசில்லை.

"அப்போ யாரையும் பாராட்டவே கூடாதா?" என்று கீழே ஒருவராவது வருவீர்கள். பாராட்டுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு, படம் நன்றாக இருந்தால் பாராட்டுங்கள். எழுந்து பல் தேய்த்ததற்குப் பாராட்டாதீர்கள்.

அவர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, எண்பது வயதில் தான் எப்படி இருப்போமோ அந்தத் தனக்கே ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். உன்னிடம் வந்து சேரும் வழியில் கிடைக்கிற ஒவ்வொரு வாய்ப்பையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன் என்ற தோரணையில் போகும் அது. படிக்கும்போது தேதியைப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மெல்போர்ன் டவுன் ஹாலில் நடந்த நினைவுக் கூட்டத்தை ஏபிசி நேரலையாகக் காட்டியது.

ஸ்டாவெலுக்கு வருகிறேன். அங்கே கேட்டோ பூங்காவில் 2023 பிப்ரவரியில், அவர் பிறந்தநாளன்று, ஆளுயர வெண்கலச் சிலை திறந்தார்கள். ஆளுயரம் என்றால் ஸ்டெல்லாவின் உயரம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சிலைகளை நாம் எப்போதும் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறோம். இதைப் பார்க்க என் ஏழு வயது மகள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, நான்தான் குனிந்தேன். "இவங்க யாருப்பா?" என்றாள். வாய் வரை வந்த 'பெரிய தன்னம்பிக்கை...' என்பதை விழுங்கிவிட்டு, "ஜோக் சொல்றவங்க" என்றேன். "என்ன ஜோக்?" என்றாள். அந்த வகுப்பறைக் கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பள்ளியில் நூலகர் சக்கர நாற்காலியில்தான் வருகிறார். இதில் என்ன ஜோக் என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்று ராத்திரி விடுதியில் உட்கார்ந்து, அந்தப் பேச்சை முழுசாகத் தமிழில் சொல்லி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். படிக்கட்டு வரி, வகுப்பறை, எல்லாவற்றையும். நான் கற்றுக்கொள்வது சக முடக்கப்பட்டவர்களிடமிருந்துதான் என்று சொல்லி ஸ்டெல்லா இரண்டு உதாரணம் கொடுப்பார்: கீழே விழுந்த பொருளை எடுக்க பார்பெக்யூ இடுக்கி, சக்கர நாற்காலியின் பேட்டரியிலிருந்தே மொபைலுக்குச் சார்ஜ் ஏற்றும் தந்திரம். அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

காலையில் அக்காவின் பதில் வந்திருந்தது. என்ன அழுகை, என்ன பெருமிதம் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். "இடுக்கியெல்லாம் எதுக்கு, நான் பழைய கொடக் கம்பி வச்சிருக்கேன், வளஞ்ச பிடி, பீரோ அடியில போனதக்கூட இழுத்துரும். அந்தப் பொண்ணு இருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன். அது சரி, சேர் பேட்டரியில போன் சார்ஜ் போடலாம்னியே. இங்க மதியம் மதியம் கரண்டு போவுது. எந்த ஒயர்னு கேட்டுச் சொல்லு."

அவருடையது 24 வோல்ட் பேட்டரி நாற்காலி, போன வருடம் வாங்கியது. கைப்பிடி பக்கத்தில் மூன்று முனை சார்ஜர் சாக்கெட் இருக்கிறது. அதில் செருகும்படி யுஎஸ்பி அடாப்டர் திருநெல்வேலிப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள்.