ஒரே ஒரு மெசேஜாம்!

கார் ஓட்டிக்கொண்டே போனைப் பார்த்துவிட்டு, "ஒரு மெசேஜ்தானே பார்த்தேன்" என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்! 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். மூன்று செகண்ட் போனைப் பார்த்தால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம். முன்னால் சைக்கிள் 20-இல் போகிறது, இடைவெளி 30 மீட்டர் என்றால், நிமிர்வதற்குள் முட்டியாகிவிடும். பிரேக்குக்குக் கால் போகவே இன்னொரு செகண்ட் வேண்டும், அது எங்கே இருக்கிறது?

உடனே சைக்கிள்காரருக்கு ஒரு உபதேசம்: "ஓரமா போக வேண்டியதுதானே!" ஈசிஆர் ஓரத்தில் மணல், நகரத்துக்குள் மழைநீர் வடிகால் கம்பி மூடி. 25 மில்லிமீட்டர் டயர் அந்த இடுக்கில் சிக்கினால் ஆள் தலைகுப்புற ரோட்டுக்குள்தான் விழுவார்.

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் கையில் போனுடன் ஓட்டினால் முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறைகூட உண்டு. யார் பயப்படுகிறார்கள்? ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஆசாமிகளும் யோக்கியமில்லை. கண் ரோட்டில், புத்தி பேச்சில்.

வண்டியை நிறுத்திய பிறகும் போன்தான். பார்த்தபடியே கதவைத் தள்ளுவது! டிரைவர் சீட்டில் இருப்பவர் இடது கையால் கதவைத் திறக்கட்டும். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். காசா பணமா?