கேட்டவளிடமே கேட்பது

போன கிழமை ஒரு செத்த வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அம்மம்மாவிடம், "எல்லாம் முற்பிறப்பு வினை அம்மா, கடவுளின்ர கணக்குப் பிழைக்காது" என்றார். அம்மம்மா வெற்றிலையை மடித்தபடி பேசாமல் இருந்தார். எனக்குத்தான் பற்றி எரிந்தது.

2009 மே மாதம், போர் முடியும் நேரம், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் கடந்த பிறகு மாமாவைத் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் அம்மம்மா. "விசாரிச்சிட்டு விடுவம்" என்றார்களாம். அன்றிலிருந்து பதிவு, படிவம், சாட்சியம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட உட்கார்ந்தபோது இவரும் போய் உட்கார்ந்தார். கூட இருந்தவர்களில் சிலர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள். இதில் எந்தத் தாயின் எந்தப் பிறப்புக் கணக்கைக் காட்டப் போகிறார்கள்?

"கடவுள் சோதிக்கிறார்" என்பவர்களும் எனக்கு இதே ரகம்தான். பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா, பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதை சொல்வார். நண்பர்கள் ஏழு நாள் அவனோடு வாய் திறக்காமல் நிலத்தில் இருந்தார்களாம். அதுவரை நல்ல மனுசர். பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் விழுந்தது.

எங்களுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். மதுரையை எரித்தவள் நந்திக்கடலோரம் கிழவியாக வந்து, எண்ணெய் இல்லையென்ற சிறுவர்களிடம் கடல்நீரை ஊற்றச் சொன்னாள் என்பது கதை. சின்ன வயதில் அந்த விளக்குத்தான் எனக்கு அதிசயம். இப்போது யோசித்தால், புருசனை ஏன் கொன்றாய் என்று சிலம்போடு அரசசபைக்கே போய்க் கேட்டவளைத்தான் கும்பிடுகிறோம். அவள் முன்னால் நின்று 'ஏன்' என்று கேட்பதா நம்பிக்கையீனம்? சரி, ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவளுக்குப் பதில் கிடைத்தது. அரசன் தன் பிழையை ஒத்துக்கொண்டான்.

இவ்வளவு வருசமாகப் பதில் தராதவளிடம் ஏன் போகிறீர்கள் என்று அம்மம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "அவளுக்குத்தான் என்ர கதை முழுக்கத் தெரியும். வேற ஆக்களிட்டைப் போனா முதலில இருந்து சொல்லவேணும்" என்றார். பொங்கலன்று அம்மனைத் திட்டியும் இருக்கிறார், நானே காதால் கேட்டேன். திட்டிவிட்டு விபூதி பூசிக்கொண்டு வந்தார்.

இந்த வைகாசிக்கும் கோவிலுக்குப் போக வான்காரனுக்குச் சொல்லியாயிற்று. மாமாவின் படத்தில் லெமினேற் ஓரம் பிரிந்துவிட்டது, புதிதாகப் போட்டுக்கொண்டு வா என்று நேற்று என்னிடம் தந்தார். படத்தில் மாமாவுக்கு என்னைவிட வயது குறைவு.